இரண்டு எண்ணுக்கும் மிச்சம் ஏழு

"ரெண்டுக்கும் எப்படிடி ஒரே மிச்சம் வருது?"

அத்தை இப்படிக் கேட்டபோது நான் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கையில் பேனா இருந்தது. பள்ளியில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் என்று நாங்கள் வேலை பார்த்த கூடம் முழுக்கத் தெரியும். ஆனாலும் உண்மையான பதிலை நான் சொல்லவில்லை. பதில் தெரியாமல் இல்லை. தெரிந்த பதிலைச் சொல்லியிருந்தால் அது நேராக என் பேனாவில் வந்து நின்றிருக்கும்.

அந்த வாரம் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன் அத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் யாரென்று தெரிந்தால்தான் நான் செய்தது எவ்வளவு கேவலம் என்பது புரியும்.

அவள் என் அப்பாவின் தங்கை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பத்தொன்பது வயதில் பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் தட்டு கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருந்தது அந்தக் கூடம். நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த பதிவை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் அந்த ஆளின் ஈறும் தாடையும் அப்படியே வெள்ளை அச்சாகக் கிடைக்கும். அந்த அச்சின் மேல்தான் பற்களை அடுக்குவார்கள். அச்சு உடைந்தால் எல்லாம் முதலிலிருந்து.

ஒவ்வொரு அச்சின் அடியிலும் எட்டு இலக்க எண் ஒன்றை ஊசியால் கீறியிருப்பார்கள். பதிவும் அச்சும் வைக்கும் தட்டிலும் அதே எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் எப்போதும் 27. அது எங்கள் கூடத்தின் குறி. மீதி ஆறும் வரிசை எண். ஒரு நாளைக்கு ஐம்பது அச்சாவது வரும். வேலை முடிந்த அச்சை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்து பிறகு உடைத்துப் போட வேண்டும். இடம் இல்லாத கட்டடம் அது. உடைக்காவிட்டால் ஊழியர்கள் நிற்கக்கூட இடம் இருக்காது. "இன்னும் ஒரு வருஷம் விட்டா இந்தப் பல்லுங்க நம்மளையே கடிச்சிடும்" என்பாள் அத்தை.

தட்டு கழுவிய காலத்தில் ஒரு முறை எண்ணைத் தவறாகப் படித்து இரண்டு தட்டுகளை மாற்றி வைத்துவிட்டாளாம். அதற்காக வாங்கிய வசவை அவள் மறக்கவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று பிடிபட்டது. எண்ணின் இலக்கங்களை எல்லாம் கூட்டு. வருவதை மறுபடி கூட்டு. ஒற்றை இலக்கம் வரும்வரை விடாதே. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால், பூச்சியத்தை ஒன்பதாக்கினால் தவிர, அந்தக் கடைசி இலக்கமும் மாறிவிடும். 2,70,49,318 என்றால் இரண்டும் ஏழும் நான்கும் ஒன்பதும் மூன்றும் ஒன்றும் எட்டும் சேர்ந்து முப்பத்து நான்கு. மூன்றும் நான்கும் ஏழு. இதை அவள் "மிச்சம்" என்று சொன்னாள். ஒன்பதால் வகுத்தால் மீதி வருவதும் அதுதான் என்று பிறகு அவளே வகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எண்களை எழுதும் பதிவேட்டில் தானே ஒரு கோடு போட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் மிச்சத்தை எழுத ஆரம்பித்தாள். தவறுகள் குறைந்தன. ஆறு வருடத்தில், அச்சுகளை வைக்கும் அச்சறையின் சாவி அவள் கைக்கு வந்தது. "தராசக்கா" என்ற பெயரும் வந்தது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். கல்யாணப் பேச்சின்போது மாமாவின் கைபேசி எண்ணை இரண்டு முறை கேட்டுவிட்டு, "மிச்சம் ரெண்டு" என்றாளாம். மாமா பயந்துபோய், "அது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஜோசியம் பார்க்கல. நீங்க நம்பரை ஒழுங்காச் சொன்னீங்களான்னு பார்த்தேன்."

அச்சறையை அடுக்கியதும் அவளுடைய யோசனைதான். கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்து ஆயிரம் பொந்துகள். 318 என்று முடிகிற எல்லா அச்சும், பழையதோ புதியதோ, ஒரே பொந்தில். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று பெருமையாகச் சொல்வாள். உண்மைதான். நான் பார்த்திருக்கிறேன்.

நான் பள்ளியை முடித்துவிட்டு, மேலே என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் எல்லோரோடும் முட்டிக்கொண்டிருந்த நேரம். ஓர் இடத்தில் பத்து நிமிடம் உட்கார மாட்டேன். அப்பா பொறுக்க முடியாமல் அத்தையிடம் சொன்னார். உடைக்க வேண்டிய அச்சுகளின் பட்டியலைப் பதிவேட்டிலிருந்து எழுதித் தரும் வேலைக்கு அவள் என்னைச் சேர்த்துவிட்டாள்.

வேலை இதுதான். மூன்று வருடம் முடிந்த எண்களைப் பதிவேட்டில் பார்த்து, எண்ணையும் அங்கே இருக்கும் மிச்சத்தையும் தாளில் எழுத வேண்டும். அத்தை நான் எழுதிய எண்ணை மறுபடி கூட்டிப் பார்ப்பாள். மிச்சம் பொருந்தினால் ஒரு புள்ளி வைப்பாள். பிறகு பொந்திலிருந்து அச்சை எடுத்து, அதன் அடியில் இருக்கும் எண்ணையும் கூட்டிப் பார்த்து, சுத்தியலால் ஒரே போடு. மூட்டைக்குள் போய்விடும்.

முதல் வாரமே அவளுடைய தராசில் இருந்த ஓட்டையை நான் பார்த்துவிட்டேன். கூட்டலில் எந்த இலக்கம் முன்னால், எது பின்னால் என்பதற்கு மதிப்பே இல்லை. 49 என்றாலும் 94 என்றாலும் பதின்மூன்றுதான். இலக்கங்கள் இடம் மாறினால் அத்தைக்குத் தெரியவே தெரியாது. இதை அவளிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். எல்லோரும் அவளைத் தராசு தராசு என்று கொண்டாடும்போது, எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்பதில் ஒரு சுகம் இருந்தது. அவள் புள்ளி வைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் சிரித்துக்கொண்டேன். கூடப் படித்தவளுக்கு, "எங்க அத்தை தராசுக்கு ஒரு கண்ணு குருடு" என்று செய்தி அனுப்பினேன். அவள் சிரிக்கும் பொம்மைகள் மூன்றை அனுப்பினாள்.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை. பல் மருத்துவர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும் மனிதர் ஒருவரின் பல்செட்டுக்கு அன்றே பல் அடுக்கத் தொடங்க வேண்டும். பற்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஈறு ஆறுவதற்கு இரண்டு மாதம் காத்திருந்தவர். அவருடைய அச்சு 2,70,94,318. பொந்தில் அது இல்லை.

கூடமே தேடியது. கடைசியில் பின்வாசலில் கிடந்த மூட்டைக்குள் அந்தத் துண்டைக் கண்டெடுத்தவளும் அத்தைதான். 94318 என்று ஊசிக் கீறல் தெளிவாக இருந்தது. உடைக்க வேண்டிய 2,70,49,318 பொந்தில் முழுசாக உட்கார்ந்திருந்தது.

ஆணியில் மாட்டியிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. 27094318. பக்கத்தில் ஏழு. அதன் மேல் அத்தையின் புள்ளி. அன்று எழுதும்போது கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டே எழுதினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. என்ன பார்த்தேன் என்பதுகூட நினைவில்லை. அவ்வளவு முக்கியமான விஷயம்!

தாளை மடித்து மேலங்கிப் பையில் வைத்தேன். பிறகு மாவு கரைக்கும் தொட்டியில் போட்டுக் கையால் கசக்கினேன். மாவுத் தண்ணீரில் அது கூழாகிப் போனது.

"பட்டியல் எங்கடி?"

"வேற மூட்டையோட குப்பைக்குப் போயிருக்கும் அத்தை."

"நீ நம்பரைச் சரியாத்தானே எழுதின?"

"சரியாத்தான் எழுதினேன். ரெண்டு தடவை பார்த்தேன்."

அவள் உடனே நம்பினாள். அந்த வேகத்தை என்னால் மறக்க முடியவில்லை. கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருந்தால் எனக்கும் ஒரு மூச்சு கிடைத்திருக்கும்.

உட்கார்ந்து தாளில் இரண்டு எண்ணையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தாள். நாற்பத்தைந்தாயிரம் வந்தது. பழக்கத்தில் அதையும் கூட்டினாள். நான்கும் ஐந்தும் ஒன்பது. மீதியே இல்லாமல் ஒன்பதால் வகுபடுகிறது. பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் தப்பான அச்சை எடுத்தா மிச்சம் காட்டிக் கொடுத்திருக்கணும். அதுக்கும் ஏழு, இதுக்கும் ஏழு. ரெண்டுக்கும் எப்படிடி ஒரே மிச்சம் வருது? நீ படிச்சவ. சொல்லு."

அந்தக் கேள்விதான் நான் முதலில் சொன்னது. இரண்டு எண்களிலும் இருப்பவை அதே இலக்கங்கள், நான்கும் ஒன்பதும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன என்று நான் வாயைத் திறந்திருந்தால் போதும். இடம் மாற்றி எழுதுவது யார் செய்யும் தவறு? எழுதுகிறவள் செய்யும் தவறு.

"ஒன்பதுல ஒரு தடவை அப்படி ஆகும்ல அத்தை. தற்செயல்தான்" என்றேன்.

"ஆமா, ஆகும்." கழித்துப் பார்த்த தாளை மடித்தாள். "எடுக்கும்போது புது மாவு மாதிரி வெள்ளையா இருக்கேன்னு ஒரு நொடி நின்னேன்டி. அப்புறம் கூட்டினேன், ஏழு. உடைச்சேன். அப்ப என் கண்ணுதான் போச்சு."

மறுநாள் அந்த அறிவிப்பாளர் மறுபடி அளவு கொடுக்கும் விஷயமாக நேரில் வந்தார். கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டியிருந்தன. அத்தை எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். நான் பதிவேட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"விடும்மா, இன்னும் மூணு வாரம்தானே" என்றார். பல் இல்லாத வாயில் சொற்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. "வீட்டுல அவளுக்குத்தான் கொண்டாட்டம். சண்டையில நான் ஒண்ணு சொன்னா, என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்கன்னு மூணு தடவை கேக்கறா. அதுக்குள்ள எனக்கே கோபம் போயிடுது."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அவர் போன பிறகு கழிவறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தவறு, பரவாயில்லை என்றார். அத்தை கேட்கவில்லை. கண் மருத்துவரிடம் போனாள். படிக்கும் கண்ணாடியைக்கூட மாற்றத் தேவையில்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்றார் அவர். அத்தை அவரையும் நம்பவில்லை. "அவர் காட்டின எழுத்தெல்லாம் பெருசு பெருசா இருந்துச்சு" என்றாள் மாமாவிடம். திங்கட்கிழமை சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, தட்டு கழுவும் இடத்துக்குத் தன்னை அனுப்பச் சொல்லிக் கேட்டாள். பத்தொன்பது வயதில் நின்ற அதே தொட்டியடிக்கு.

"சார், ஒருத்தர் வாயை உடைச்சுட்டேன். இன்னொருத்தர் வாயையும் உடைக்கறதுக்குள்ள போயிடறேன்."

சாவி யாரிடம் போனது என்று நினைக்கிறீர்கள்? என்னிடம். "உங்க அத்தைகிட்ட ஆறு வாரம் வேலை கத்துக்கிட்டவ, நீயே பார்த்துக்கோம்மா" என்றார் மேற்பார்வையாளர். அத்தை தலையாட்டினாள். "இவ கையெழுத்து முத்து முத்தா இருக்கும் சார்" என்று சிபாரிசும் செய்தாள்.

பதினோரு நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் முதுகுக்கு வைத்திருந்த சின்னத் தலையணை அங்கேயே இருந்தது. நான் அதில் சாயவில்லை, அதை எடுத்து அவளிடம் கொடுக்கவும் துணியவில்லை. தட்டுகளை வாங்கப் போகும்போதெல்லாம் அவள் ஒவ்வொரு தட்டின் எண்ணையும் முகத்துக்கு மிக அருகே தூக்கி வைத்துக்கொண்டு படிப்பதைப் பார்த்தேன். நன்றாகத் தெரியும் எண்ணை. ஒவ்வோர் இலக்கத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு. பக்கத்தில் கழுவுகிறவள், "என்ன தராசக்கா, மோந்து பார்க்கறீங்களா?" என்று கேலி செய்தாள். எந்தக் கேலிக்கும் பதில் வைத்திருக்கும் அத்தை அடுத்த தட்டைத் தூக்கினாள்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் தொட்டியடிக்குப் போனேன். வேறு யாரும் இல்லை.

"அத்தை, உன் கண்ணு சரியாத்தான் இருக்கு. நான்தான் மாத்தி எழுதினேன். பட்டியலைத் தொட்டியில போட்டுக் கசக்கினதும் நான்தான்."

குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"மாத்தின்னா?"

ஈரச் சுவரில் விரலால் எழுதிக் காட்டினேன். பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. நூற்றை வகுத்தாலும் ஒன்று. ஆயிரம், பத்தாயிரம், எதை வகுத்தாலும் ஒன்றுதான். ஆகவே நான்கு என்ற இலக்கம் எந்த இடத்தில் நின்றாலும் மிச்சத்துக்கு நான்கைத்தான் கொடுக்கும். ஒன்பதாயிரமும் நாற்பதாயிரமும் இடம் மாறி, தொண்ணூறாயிரமும் நான்காயிரமும் ஆனாலும் கூட்டல் அசையாது. இப்படி மாற்றிய எந்த இரண்டு எண்ணைக் கழித்தாலும் விடை ஒன்பதால் வகுபடும். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும்.

சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதடு அசைந்தது. மனசுக்குள் வேறு எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அப்ப தற்செயல் இல்ல."

"இல்ல."

"எப்பவுமே இப்படித்தானா? ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையும்."

"இது உனக்கு எப்பத் தெரியும்? இப்பவா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குள் எனக்குப் பொய்யே சலித்துவிட்டது. "சேர்ந்த முதல் வாரமே தெரியும்" என்றேன்.

அப்போதுதான் அவள் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தப்பா எழுதினது கை. கை தவறும். என் கையும் தவறியிருக்கு. தாளைக் கசக்கினது பயம். அதையும் விடு. ஆனா ஆறு வாரம் என் எதிர்ல உட்கார்ந்து, நான் புள்ளி வைக்கறதைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருந்திருக்கே இல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் வாய் தப்பிச்சிருக்கும்டி. நான் என் கண்ணைச் சந்தேகப்பட்டு, பஸ் நம்பரைக்கூட மாமாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு இருக்கேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையில் ஓடிய வெள்ளைத் தண்ணீரைப் பார்த்தேன்.

அவளுக்கு வேறு ஏதோ தோன்றியது. முகம் மாறியது.

"ஐயோ. இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன் தெரியுமா? லிப்ட் சாமான் கிடங்குல மாமாவோட வேலை பார்க்கறவங்க எல்லாருக்கும். கேஸ் சிலிண்டர் கிடங்குல கணக்கெழுதற தம்பிக்கு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு, அவ ரத்தப் பரிசோதனை நிலையத்துல சீசாவுக்கு நம்பர் ஒட்டறா. ரத்தம்டி!"

கையைத் துடைத்துக்கொண்டு மேற்பார்வையாளர் அறைக்குப் போகச் சொன்னாள். எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னேன். நாற்பது பேரும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. என் வேலை அன்றோடு போனது. அது நியாயம்தான்.

அத்தை அச்சறைக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் உடனே இல்லை. மேற்பார்வையாளர் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. பதிவேட்டில் இப்போது இரண்டு கோடுகள் இருக்கின்றன. இரண்டாவது கோட்டை எப்படிப் போடுவது என்று என்னிடம்தான் கேட்டாள். வலது கோடியிலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மாறி மாறிப் போக வேண்டும். வருவதைப் பதினொன்றால் வகுத்து மீதியை எழுத வேண்டும். அப்படிச் செய்தால் 2,70,49,318-க்குப் பத்து வருகிறது. 2,70,94,318-க்கு ஒன்பது வருகிறது. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் இது பிடித்துவிடும். ஒன்று விட்டு ஒன்று மாறினால் இதுவும் பிடிக்காது. இதை அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"சரி" என்றாள். முன்பெல்லாம் வீட்டுக்குப் போனால் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லி, "நிறு பார்ப்போம்" என்பாள். இப்போது சாப்பிட்டியா என்று கேட்கிறாள். விருந்தாளியிடம் கேட்பது மாதிரி.

அவளிடம் இந்த முறையைக் கற்றுக்கொண்டவர்கள் ஒவ்வொருவரிடமும் நானே போய், என் வாயால் சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட கட்டளை. போனேன். லிப்ட் சாமான் கிடங்கு, சிலிண்டர் கிடங்கு, பக்கத்து வீடு. ரத்தச் சீசாவுக்கு எண் ஒட்டும் அக்கா நான் சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டார். "நான் இதை எங்க நிலையத்துல ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேனே. அதுல ரெண்டு பேர் வேற ஊருக்குப் போயிட்டாங்க" என்றார். சிலிண்டர் கிடங்குத் தம்பி யாருக்கெல்லாம் சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை. அத்தையின் தராசு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று இனி யாராலும் எண்ண முடியாது. ஒவ்வொரு வீடாக நான் நடந்து தீராது.

அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் எங்காவது எண்களைப் பார்த்து எழுதும் வேலையில் இருந்தால், அல்லது அப்படி ஒருவரை அறிந்திருந்தால், இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்ப்பது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் இடம் மாறிய இலக்கம் அதன் கண்ணில் படவே படாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்கிறவர் அதை இன்னொருவரிடம் சொல்லும்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்.